ஏக்கம் கிடக்கட்டும், உண்ணியைப் பாருங்கள்

முழுப் பரீட்சை முடியப்போகிறது என்பதை எனக்கு வரும் கடிதங்களே சொல்லிவிடும். இந்த முறை ஏறக்குறைய எல்லாரும் ஒரே கேள்வியோடு வந்திருக்கிறார்கள்: குடும்பத்தோடு ஊருக்குப் போகிறோம், நாயை எங்கே விடுவது? 'ஏங்கிப் போய்விடுமே' என்ற வரி எல்லாக் கடிதத்திலும் தவறாமல் இருக்கிறது. அங்கே உண்ணி இருக்குமா, கூரை தகரமா, கேட்டுத் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுமா என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கம் மாட்டுக்குப் பிரசவம் பார்த்தே காலம் தள்ளிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு சேலத்து நாய்களிடம் வந்து சிக்கிக்கொண்டவள் நான். பேச்சில் கொஞ்சம் முரட்டுத்தனம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மே முதல் வாரம் பிள்ளைகளைப் பிடதி வொண்டர்லாவுக்கும், அங்கிருந்து மைசூருக்கும் கூட்டிப் போகிறோம். மொத்தம் ஐந்து நாள். எங்கள் பிரௌனி நாலு வயது லாப்ரடார், நான் தட்டில் போட்டால்தான் சாப்பிடும். வீட்டிலேயே விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு அக்காவைச் சோறு வைக்கச் சொல்லலாம் என்கிறார் மாமியார். போர்டிங்கில் விடலாம் என்கிறார் வீட்டுக்காரர். பேசாமல் கூடவே கூட்டிப் போய்விடலாமா என்று இருக்கிறது எனக்கு. எது சரி, டாக்டரம்மா?
– வாசகி, அஸ்தம்பட்டி

உங்கள் யோசனையை முதலில் தள்ளிவிடுவோம். தீம் பார்க்குக்குள் நாயை விடமாட்டார்கள். அப்புறம் மிஞ்சுவது கார்தான். 'நிழலில் நிறுத்தி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போவோம்' என்று வருடா வருடம் யாராவது சொல்கிறார்கள். நிழல் நகர்ந்துவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் அரை மணி நேரத்தில் 15 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு ஏறும், கண்ணாடியை நாலு விரல் இறக்குவதால் பெரிதாக ஒன்றும் குறையாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். உள்ளே இருக்கும் காற்றே கொதித்தால் இரைத்து என்ன பயன்?

மாமியார் சொல்வதில் பாதி சரி. அக்கா ராத்திரி உங்கள் வீட்டிலேயே வந்து படுப்பார் என்றால் அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது, பிரௌனிக்கு இடம்கூட மாறாது. காலையும் மாலையும் எட்டிப் பார்த்துச் சோறு வைத்துவிட்டுப் போவார் என்றால் வேண்டாம். மே மாதத்தில் பூட்டிய வீடு, தண்ணீர்ச் சட்டியை மதியம் தட்டிவிட்டால் சாயங்காலம் வரை வறண்ட நாக்குதான். வளர்க்கும் பிராணிக்குப் போதிய உணவும் தண்ணீரும் தங்குமிடமும் தராமல் இருப்பது 1960-ம் வருட மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம். அக்கா மறந்துவிட்டார் என்று நீங்கள் கை காட்ட முடியாது.

ஆக, வீட்டுக்காரர் கட்சிதான் நான். ஆனால் போன் போட்டு 'இடம் இருக்கா' என்று கேட்டு முடிவு செய்யாதீர்கள். நேரில் போங்கள். அதுவும் காலை பத்து மணிக்கு, எல்லாம் கழுவித் துடைத்த பிறகு போகாதீர்கள். மதியம் இரண்டு மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். சேலத்து வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஐந்து நிமிஷம் உங்களால் நிற்க முடியவில்லை என்றால், ரோமச் சட்டை போட்டவளால் மட்டும் முடியுமா? கூரைக்கு மேல் தென்னங்கீற்று போட்டு, தண்ணீர் தெளித்து வைத்திருந்தால் அந்த ஆளுக்கு விஷயம் தெரியும் என்று அர்த்தம்.

அடுத்து சுவரைப் பாருங்கள். தரையைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், தரையை யார் வேண்டுமானாலும் பினாயில் ஊற்றிக் கழுவிவிடலாம். நாயின் மேல் ஏறும் பழுப்பு உண்ணி, ரத்தம் குடித்து முடித்ததும் கீழே விழுந்து சுவரில் ஏறும். சிமென்ட் பூச்சு விட்ட வெடிப்பு, கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து, கம்பி பதித்த மூலை என்று இருட்டான இடமாகத் தேடிப் போய் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். செல்போன் விளக்கை அடித்து அந்தச் சந்துகளில் பாருங்கள். ஆமணக்குக் கொட்டை போலச் சாம்பல் நிறத்தில் உப்பிக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தாலும் போதும், 'வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்' என்று மரியாதையாகக் கிளம்பி வந்துவிடுங்கள். ஏக்கத்தால் செத்த நாயை நான் பார்த்ததில்லை. உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் இறங்கி, மூக்கில் ரத்தம் ஒழுக ஒழுகத் தூக்கிக்கொண்டு வரும் நாய்கள் நிறைய.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். ஒரு கூண்டுத் தண்ணீர் அடுத்த கூண்டு வழியாக ஓடக் கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி சிறுநீர் வழியாகப் பரவுவது. தீவன மூட்டையைத் திறந்து போட்டிருந்தால் எலி இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். கேட்டு இரண்டு இருக்க வேண்டும். ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்கிற மாதிரி. ராத்திரி அங்கே யார் படுக்கிறார் என்று கேளுங்கள். 'கேமரா இருக்குங்க' என்பது பதில் இல்லை.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. தண்ணீர் விளையாட்டில் இறங்குவதற்கு முன்னால் செல்போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவீர்கள். அந்த மூன்று நாலு மணி நேரத்தில் கென்னல்காரர் கூப்பிட்டால் யார் எடுப்பது? வயிறு உப்பிக் கிடக்கும் நாய்க்கு நாலு மணி நேரம் என்பது ரொம்பப் பெரிய நேரம். சேலத்திலேயே இருக்கும் கொழுந்தனாரோ தம்பியோ ஒருவர் நம்பரைக் கொடுங்கள். 'இவர் சொன்னால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம், செலவு எங்களுடையது' என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் நம்பரும் அதில் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். வீட்டில் என்ன போடுகிறீர்களோ அதையே கட்டிக் கொடுங்கள். ஐந்து நாளில் புதுத் தீவனம் பழக்குகிறேன் என்று கிளம்பினால் வயிற்றுப்போக்குதான் மிச்சம். முதல் நாள் சாப்பிடாது, இரண்டாம் நாள் முகர்ந்து பார்க்கும். உடம்பில் சதை உள்ள பெரிய லாப்ரடார் ஒன்றரை நாள் பட்டினி கிடந்தால் குடி முழுகிவிடாது, தண்ணீர் குடிக்கிறதா என்பதுதான் முக்கியம். இரண்டு நாள் தாண்டியும் தட்டைத் தொடவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். குட்டிக்கும் பொமரேனியன் மாதிரிப் பொடி ஜாதிக்கும் இந்தக் கணக்கு செல்லாது, ஒரு வேளை தவறினாலே கவனிக்க வேண்டும். மூன்றாம் நாள் பிரௌனி தட்டு கொண்டு வருகிற பையனைப் பார்த்து வாலாட்டிக்கொண்டு நிற்கும். கேட்க உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம், என்ன செய்வது, லாப்ரடார் அப்படித்தான்.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரே ஒரு ராத்திரி அங்கே விட்டுப் பாருங்கள். பிரௌனியைப் பற்றியும் தெரியும், இடத்தைப் பற்றியும் தெரியும். விட்டுவிட்டு வரும்போது கட்டிப்பிடித்து அழுவது வேண்டாம். கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வாருங்கள். வீடியோ காலில் கூப்பிட்டு 'பிரௌனிக் கண்ணு' என்று கொஞ்சுவதும் வேண்டாம், குரல் வந்த திசையில் ஆளைத் தேடி அலையும்.

போர்டிங்கில் ஊசி அட்டை கேட்கிறார்கள். எங்கள் ஸ்பிட்ஸுக்கு ரேபிஸ் ஊசி மட்டும்தான் போட்டிருக்கிறோம், அதுவும் வருடா வருடம் தவறாமல். அடுத்த வாரம் சென்னைக்குக் கிளம்புகிறோம். அட்டை இல்லாவிட்டால் ரயிலிலேயே கூட்டிப் போய்விடலாமா?
– வாசகர், சூரமங்கலம்

அட்டை கேட்கிறார்களா? அப்படியானால் நல்ல இடம்தான், விட்டுவிடாதீர்கள். ஊசி பற்றி ஒன்றும் கேட்காமல் 'கொண்டு வாங்க சார் பாத்துக்கலாம்' என்கிற இடத்துக்குத்தான் பயப்பட வேண்டும். உங்கள் நாய்க்குப் பக்கத்துக் கூண்டில் இருப்பதையும் அவர் அப்படித்தான் சேர்த்திருப்பார்.

ரேபிஸ் ஊசி மனிதர்களுக்காகவும் போடுவது. 1885 ஜூலை 6-ம் தேதி லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு அந்தத் தடுப்பூசியைப் போட்ட நாளைத்தான் இன்றைக்கும் விலங்குவழி நோய்கள் தினம் என்று முகாம் நடத்திக் கொண்டாடுகிறோம். ஆனால் நாய்கள் கூடும் இடத்தில் பரவுவது பார்வோ என்ற வயிற்றுப்போக்கு நோய், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் காய்ச்சல், எலிக்காய்ச்சல், கென்னல் இருமல். முதல் மூன்றுக்கும் 'செவன் இன் ஒன்', 'நைன் இன் ஒன்' என்று நம் கடைகளில் சொல்லும் ஊசி. இதுவரை போடாத நாய்க்கு இரண்டு தடவை, மூன்று நாலு வார இடைவெளியில் போட வேண்டும். அதன் பிறகும் எதிர்ப்புச் சக்தி முழுசாக வர ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். ஆகவே அடுத்த வாரப் பயணத்துக்கு இன்றைக்கு ஊசி போட்டு அட்டையில் சீல் வாங்குவது கென்னல்காரரை ஏமாற்றலாம், பார்வோ கிருமியை ஏமாற்ற முடியாது. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கென்னல் இருமலுக்கு மூக்கில் விடும் சொட்டு மருந்து உண்டு, அதையும் குறைந்தது ஒரு வாரம் முன்னால் விட்டுவிட வேண்டும்.

ரயிலில் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பு ஏசியில் இரண்டு படுக்கை உள்ள கூபேயோ நாலு படுக்கை உள்ள கேபினோ முழுசாக உங்களுக்குக் கிடைக்க வேண்டும். மற்றபடி ரயில் கார்டு இருக்கும் வேனில் உள்ள நாய்ப்பெட்டிதான். மே மாதப் பகலில் ஸ்பிட்ஸை அந்தப் பெட்டியில் ஏற்றுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த முறை உங்கள் வீட்டில் ஒருவர் தங்கிவிடுங்கள். யார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

எங்களுடையது ராஜபாளையம், ஆண், மூன்று வயது. தோட்டத்து வீட்டில் வளர்கிறான். பத்து நாள் வெளியூர் போக வேண்டியிருக்கிறது. கென்னலில் இருப்பானா?
– வாசகர், அயோத்தியாப்பட்டணம்

இருக்க மாட்டான். கென்னல்காரரும் இருக்க மாட்டார், இரண்டாம் நாளே உங்களுக்குப் போன் போட்டுவிடுவார். லாப்ரடாருக்கு யார் சோறு போட்டாலும் சொந்தக்காரர். ராஜபாளையம் வீட்டு ஆள் இரண்டு பேரைத் தவிர மற்றவரை ஆளாகவே எண்ணாது. ஐந்தடிச் சுவரை நின்ற இடத்திலிருந்து தாண்டும். மேலே வலையில்லாத இடத்தில் விட்டால் நீங்கள் திரும்பி வருவதற்குள் அவன் நெடுஞ்சாலையில் நிற்பான். சிப்பிப்பாறை, கன்னி ஜாதி நாய்கள் வளர்ப்பவர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

தோட்டத்தில் வேலை செய்பவர் யாராவது இருப்பாரே, அவரை இப்போதிருந்தே பழக்குங்கள். பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதே அவர் கையால்தான் சாப்பாடு. முதலில் நீங்கள் பக்கத்தில் நின்று, பிறகு திண்ணையில் நின்று, பிறகு ஆளே தெரியாமல். அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் வருகிறானா பாருங்கள். கூப்பிட்டும் திரும்பாவிட்டால் திமிர் என்று நினைத்து அடித்துவிடப் போகிறார். வெள்ளை ராஜபாளையத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாதவை. உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவருக்கும் சொல்லி வையுங்கள். பத்து நாளும் சங்கிலியில் கட்டிப் போடச் சொல்லாதீர்கள். ராத்திரி தோட்டத்தில் அவிழ்த்துவிடட்டும்.

ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் மூன்று அறை வைத்து வாடகைக்கு விடுகிறோம். கோடை விழா சமயத்தில் பெங்களூர், சென்னையிலிருந்து நாயோடு வருகிறார்கள். அறையில் பூட்டிவிட்டுப் படகுக்கும் பகோடா பாயிண்டுக்கும் போய்விடுகிறார்கள். அது கதவைப் பிராண்டி ஊளையிடுகிறது. பின்னால் காபித் தோட்டத்தில் நாலு கூண்டு கட்டிப் பகல் நேரத்துக்கு மட்டும் பார்த்துக்கொள்ளலாமா?
– வாசகி, ஏற்காடு

தாராளமாகக் கட்டுங்கள். அந்த மலைக்கு இது தேவைதான். கீழே சேலத்தில் கூண்டு கட்டுபவருக்கு எதிரி வெயில், உங்களுக்கு எதிரி ஈரம். பனிமூட்டத்தில் துணி காயாது, அதனால் சாக்கும் மெத்தையும் போடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். தரையிலிருந்து அரையடி உயரத்தில் மரப்பலகை போதும். தரை சரிவாக இருக்க வேண்டும். கூண்டுக்குக் கூண்டு இடுப்பளவு சுவர் எழுப்பி அதற்கு மேலே கம்பி வையுங்கள். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருந்தால் நாலும் சேர்ந்து சாயங்காலம் வரை குரைத்து, நீங்கள் அறை வாடகையே இழப்பீர்கள்.

தோட்டத்துக்குள் அவிழ்த்துவிடவே கூடாது. மழைக்காலத்தில் அட்டைப்பூச்சி, எல்லாக் காலத்திலும் உண்ணி. காட்டெருமை நடமாடும் மலை, பட்டணத்து பீகிள் அதைத் துரத்தப் பார்க்கும். குரங்கு வேறு. காபிக் களத்தில் கொட்டை காயும் மாதங்களில் அந்தப் பக்கமே விடாதீர்கள். காபியில் உள்ள கஃபீன் நாய்க்கு விஷம், ஒரு கைப்பிடி காபிக் கொட்டையை மென்றாலே சின்ன நாய்க்கு இதயம் படபடத்து வலிப்பு வரை போகும். விருந்தினர் வந்து இறங்கியதும் ஊசி அட்டையை வாங்கிப் பார்த்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த நாய் வாந்தி எடுத்திருக்கும். வந்ததும் தட்டு நிறையச் சோறு வைக்காமல் தண்ணீர் மட்டும் கொடுத்து ஒரு மணி நேரம் படுக்க விடுங்கள். (நாயோடு மலை ஏறுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அடிவாரத்துக்கு வருவதற்கு ஆறு மணி நேரம் முன்னாலேயே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். வளைவில் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்ட விடாதீர்கள்.)

ப்ளோரிடாவில் இருக்கும் மகள் சொல்கிறாள், அங்கே டிஸ்னி பூங்காவிலேயே நாய் விடுதி இருக்கிறதாம். நம் ஊரில் ஏன் இப்படி வைப்பதில்லை?
– வாசகர், பேர்லண்ட்ஸ்

மகள் சொல்வது உண்மைதான். அங்குள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு வளாகத்தில் தனியார் நிறுவனம் ஒன்று 2010-லிருந்து விடுதி நடத்துகிறது, ராத்திரியும் தங்க வைக்கலாம். கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் பகலுக்கு மட்டும்தான். இரண்டு இடத்திலும் ஊசி போட்ட சான்றிதழ் இல்லாமல் உள்ளே எடுக்க மாட்டார்கள். அங்கே ஜனங்கள் நாயையும் ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் காரோட்டி வருகிறார்கள், அதனால் வாசலில் விடுதி வேண்டியிருக்கிறது. சேலத்திலிருந்து பிடதிக்கு நாயைத் தொப்பூர்க் கணவாய் தாண்டி இழுத்துக்கொண்டு போவானேன்? தெரிந்த டாக்டர் இருக்கும் ஊரிலேயே அது இருக்கட்டும்.

ஆறு நாள் கென்னலில் இருந்துவிட்டு வந்த எங்கள் டைகர் குரல் கம்மி, இளைத்துப் போய் வந்திருக்கிறான். இப்போது ராத்திரியில் தொண்டையில் எலும்பு சிக்கின மாதிரி இருமி நுரை கக்குகிறான். கேட்டால் 'இங்கே நல்லாத்தான் இருந்துச்சு' என்கிறார்கள். சண்டை போடலாமா?
– வாசகி, அம்மாபேட்டை

மூன்று விஷயத்தை ஒன்றாக முடிச்சுப் போடுகிறீர்கள். குரல் கம்மியது குரைத்துக் குரைத்து, நாலு நாளில் சரியாகிவிடும். இளைத்தது கம்பி ஓரமாகவே முன்னும் பின்னும் நடந்ததால் இருக்கலாம், அதுவும் தேறிவிடும். இருமல்தான் விஷயம். எலும்பும் இல்லை முள்ளும் இல்லை, அது கென்னல் இருமல். கிருமி ஒட்டியதற்கும் இருமல் வருவதற்கும் நடுவில் இரண்டு நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகலாம், அதனால் அங்கே நன்றாகத்தான் இருந்தான் என்று அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சொட்டு மருந்து விட்ட நாய்க்கும் லேசாக வருவதுண்டு. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாக அடங்கும். அதுவரை கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை போடுங்கள், தெரு நாய்களோடு சேர விடாதீர்கள். வீட்டில் இருக்கும் இருமல் மருந்தையோ பாராசிட்டமாலையோ ஊற்றாதீர்கள். காய்ச்சல், சோறு இறங்காமை, மூக்கில் சளி ஒழுகுதல் என்று எதைக் கண்டாலும் உடனே டாக்டர்.

கென்னல்காரருக்குப் போன் செய்யுங்கள், ஆனால் சண்டைக்கு வேண்டாம். டைகர் இருமுகிறான் என்று தெரிந்தால் அவர் மற்ற வீட்டாருக்குச் சொல்லி, இடத்தைக் கழுவிக் காற்றோட்டமாகப் போடுவார். சொல்லியும் செய்யவில்லை என்றால் அடுத்த முறை வேறு இடம் பாருங்கள்.

அதோடு காலண்டரில் மூன்று வாரத்துக்குக் குறித்து வையுங்கள். அதற்குள் டைகர் சோர்ந்து படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, அடிவயிற்றில் சிவப்புப் புள்ளி தெரிந்தாலோ உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆரம்பத்தில் பிடித்தால் மாத்திரையிலேயே சரியாகும், ஆனால் நாலு வாரம் முழுசாகக் கொடுக்க வேண்டும். பத்தாம் நாள் துள்ளிக் குதிக்கிறானே என்று நிறுத்திவிடாதீர்கள்.

பூனையை விடலாமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

வேண்டாம். வீட்டிலேயே இருக்கட்டும், தினமும் ஒருவர் வந்து மண் தட்டை மாற்றிச் சாப்பாடு வைத்தால் போதும். பூனைக்கு மனிதர்களைவிட வீடு முக்கியம்.

நாங்கள் வளர்ப்பது இல்லை, ஆனால் தெருவில் இருக்கும் மணிக்கு இரண்டு வேளையும் எங்கள் வீட்டுச் சாப்பாடுதான். பத்து நாள் ஊரில் இருக்க மாட்டோம். பணம் கட்டிக் கென்னலில் விடலாமா?
– வாசகி, குகை

நல்ல மனசு, ஆனால் செய்யாதீர்கள். பத்து நாளில் அதன் இடத்தை வேறொன்று பிடித்துவிடும், திரும்பி வந்தால் கடிபட்டுச் சாகும். கருத்தடை செய்த தெரு நாயைப் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும் என்று 2023-ம் வருட விலங்குக் கருத்தடை விதிகள் சொல்வதற்கும் இதுதான் காரணம். எதிர் வீட்டாரிடமோ டீக்கடைக்காரரிடமோ பணம் கொடுத்து ஒரு வேளையாவது போடச் சொல்லுங்கள். மற்ற வேளையை மணி பார்த்துக்கொள்வான். போவதற்கு முன் ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

போர்டிங்கிலிருந்து கூட்டி வந்ததும் குளிப்பாட்டலாமா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

முதலில் உண்ணி பாருங்கள். காதுக்குள், காது மடிப்பில், விரல் இடுக்கில், வாலுக்கு அடியில். இருந்தால் குறடால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். கையால் நசுக்காதீர்கள், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். உண்ணி மாத்திரை கொடுத்திருந்தால் உடனே குளிப்பாட்டலாம். முதுகில் விடும் சொட்டு மருந்து என்றால் இரண்டு நாள் கழித்து. வலிப்பு வந்த சரித்திரம் உள்ள நாய் என்றால் உண்ணி மாத்திரை வாங்கும்போதே டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.